மூன்று பலகைகள்



எழுத்தோடு சம்பந்தப்பட்டவர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி இந்த இலக்கியத் தொடரில் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று என் முறை. நான் பேர் பெற்ற எழுத்தாளர் அல்ல. லிந்துலைப் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பாக இருப்பவள். சில ஆண்டுகளாக எங்கள் தோட்டங்களின் பழைய கதைகள், படங்கள், பாட்டுகள் ஆகியவற்றைத் திரட்டி ஓர் இணையத்தளம் கட்டி வருகிறவள். தாயம் ஆட யாராவது கூப்பிட்டால் மறுப்புச் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிடுகிறவள்.

"டீச்சர், இந்த மூன்றுக்கும் உங்களுக்கு நேரம் எங்கேயிருந்து வருது?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வியில் பாராட்டும் இருக்கும். சற்றுக் கிண்டலும் இருக்கும். சபைக்காரருக்கு நான் கணனியில் நேரத்தை வீணடிக்கிறேன். கணனி தெரிந்த இளைஞர்களுக்கு நான் ஜெபக்கூட்டத்தில் நேரத்தை வீணடிக்கிறேன். தாயம் ஆடுவது வீண் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை!

மூன்றுமே பலகையோடு சம்பந்தப்பட்டவை என்பது எனக்கு ஒரு வேடிக்கை. ஆலயச் சுவரில் அன்றைய பாட்டு எண்களைச் சொருகி வைக்கும் பலகை ஒன்று. கணனியின் விசைப்பலகை இன்னொன்று. கரம், தாயம், ஆடுபுலி என்று ஆட்டப் பலகை மூன்றாவது. தாயத்துக்குப் பலகைகூடத் தேவையில்லை. லயத்து இஸ்தோப்பில் கரித்துண்டால் கோடு கீறினால் போதும். இந்த மூன்று பலகைகளையும் பற்றித்தான் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் தலவாக்கலையைத் தாண்டினால் லிந்துலை வரும். நாகசேனை, அக்கரப்பத்தனை என்று மேலே மேலே தோட்டங்கள். ஒரு கடைவீதி, வைத்தியசாலை, பாடசாலைகள், கோயில்கள், ஆலயங்கள். மற்றதெல்லாம் தேயிலை. காலையில் மலைக்குப் போகிற பெண் மாலையில் கடைசி நிறுவை முடிந்து வீடு வந்து, விறகு, தண்ணீர், சமையல் என்று எல்லாம் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் அவளுடைய நேரம். ஓய்வு நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று நகரத்தில் புத்தகம் எழுதுகிறார்கள். இங்கே பங்கிடுவதற்கு முன்னால் அந்த நேரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி ஆலயத்துப் பலகைக்கு வருகிறேன். மலைநாட்டுத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே புரட்டஸ்தாந்து சபைகள் அமைப்பு ரீதியாக வேலை செய்யத் தொடங்கியது 1854ஆம் ஆண்டில். 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதுதான் அந்த அமைப்பின் பெயர். 'கூலி' என்ற சொல்லைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். பகலெல்லாம் சனங்கள் மலையில். ஆகவே லயத்துக்கு லயம் போய்ச் சந்திக்க மாலை நேரந்தான் வாய்ப்பு. இன்றுவரை எங்கள் சபையின் வாழ்வு மாலை நேரத்து வாழ்வாகவே இருக்கிறது. புதன் மாலை பெண்கள் கூட்டம், வெள்ளி மாலை வீட்டு ஜெபம், சனி மாலை பாடகர் பயிற்சி. ஞாயிறு காலை ஆராதனை என்பது இவற்றின் கடைசிப் படிதான்.

பாட்டும் ஜெபமும் ஒரு புறமிருக்க, சபை செய்துவந்த ஒரு காரியத்தை இலக்கியக்காரர்கள் போதிய அளவு கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். அது பெயர் எழுதி வைத்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். தோட்டத்துச் செக்ரோலில் ஓர் ஆள் வேலை செய்த நாட்களின் தொகை. பதிவேட்டிலோ அதே ஆள் ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மனைவி, ஒருவருக்குத் தாய்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை வரலாறு எங்களுக்குக் காட்டியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கை 1974ல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளும் எங்கள் சனங்களின் தலைவிதி ஒரு துண்டுக் கடதாசியில் தங்கியிருந்தது. தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல். பிறப்புப் பதியப்படாதவருக்கு வயதைக் காட்ட ஞானஸ்நானச் சீட்டு ஒரு துணை. ஆகவே சபைப் பதிவேட்டைத் தூசு தட்டி வைப்பது பக்தி விஷயம் மாத்திரமல்ல.

இந்த இடத்தில்தான் நான் விசைப்பலகைக்கு வந்து சேர்ந்தேன்.

தமிழ் இணையத்துக்கு இப்போது முப்பது வயது. 1995ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றி வழிகாட்டினார். 1998ல் கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்திலிருந்தபடி மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய இலக்கியங்களைத் தட்டெழுதி எல்லாருக்கும் இலவசமாக்கினார். 2003ல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டவர் நம் நாட்டவரான மயூரநாதன். 2005ல் ஈழத்து நூல்களுக்கென 'நூலகம்' தோன்றியது. கண்டியிலிருந்து வந்த 'குன்றின் குரல்' சஞ்சிகையின் பழைய இதழ்களை இன்று லிந்துலையிலிருந்து நான் வாசிப்பது அதன் வழியாகத்தான். அந்தச் சஞ்சிகையை வெளியிட்ட தோட்டப் பிரதேசங்களுக்கான கூட்டுச் செயலகத்தில் யேசு சபைத் துறவி போல் கஸ்பேர்ஸ் போன்றவர்களின் உழைப்பு இருந்தது. ஆலயத்துக்கும் அச்செழுத்துக்கும் இணையத்துக்கும் தூரம் அதிகமில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தப் பேச்சு வானொலியில் போவதால் இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். எங்களுக்கு அயலான கொத்மலையில் ஒரு சமூக வானொலி உண்டு. 1990களின் இறுதியில், ஊரில் கணனி என்பதே அரிதாக இருந்த காலத்தில், யுனெஸ்கோவின் ஆதரவோடு அங்கே இணைய இணைப்பு வந்தது. நேயர்கள் கேள்வி கேட்பார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடையைக் காற்றில் சொல்வார். அந்த முயற்சியைப் பற்றி உலகமெங்கும் எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: இயந்திரம் எங்கோ ஓர் அறையில் இருந்தது, ஆனால் கேள்வி அடுப்படியிலிருந்து வந்தது.

எங்கள் தளமும் அப்படி எளிமையானதுதான். பள்ளத்து லயங்களில் சமிக்ஞை ஒரு கோடு வந்தால் பெரிது. ஆகவே பக்கங்கள் பாரமில்லாமல் இருக்க வேண்டும். படங்களைச் சிறிதாக்குகிறோம். ஆடும் எழுத்துகள், தானாகப் பாடும் பாட்டுகள் எதுவும் கிடையாது. எழுத்துருவில் ஒரு தொல்லை இருந்தது. நம் நாட்டில் ஒரு தலைமுறை பாமினியில் தட்டெழுதிப் பழகியது. பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. தமிழ் உருவம் மேலே போர்த்திய போர்வை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் போர்வை நழுவிவிடும். தேடினாலும் பெயர் அகப்படாது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்கு உலகமெங்கும் ஒரே எண். பழைய நினைவு மலர்களையும் சபை அறிக்கைகளையும் ஒருங்குறிக்கு மாற்றுவதே என் இரவு வேலையில் பாதி. 2022ல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் வரும் நேரத்துக்கு எலார்ம் வைத்து எழும்பி உட்கார்ந்ததுண்டு.

இனி மூன்றாவது பலகை.

எங்கள் இளைஞர் கழகத்தில் கரம் பலகைதான் ராஜா. கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, நடுவே ஒரு சிவப்பு. பெண்களுக்குத் தாயம். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளே தாயக்கட்டை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிரியை ஒரு முறையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்கு ஏறலாம். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் இருக்கும் காயை மாத்திரம் யாரும் வெட்ட முடியாது. அந்தக் கட்டத்தை எங்கள் லயத்தில் 'மலை' என்போம்.

ஆட்டங்களுக்குச் சாதி, சமய, மொழி வேலி குறைவு. நீர்ப்பாசன அதிகாரியாக இருந்த ஹென்றி பார்க்கர் 1909ல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய ஆங்கில நூலில் கிராமத்து ஆட்டங்களை விவரித்திருக்கிறார். சிறுத்தையும் மாடும் மோதுகிற சிங்கள ஆட்டத்தைப் படிக்கும்போது நமது ஆடுபுலி நினைவுக்கு வரும். குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெலிய நமது பல்லாங்குழியின் உடன்பிறப்பு. இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் லூடோ நமது பகடை ஆட்டத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய், 1896ல் அங்கே காப்புரிமை பெற்றுத் திரும்பி வந்தது. எங்கள் லயத்திலும் அப்படித்தான். ஞாயிறு காலை நாங்கள் ஆலயத்துக்கும் அடுத்த காம்பராக்காரர் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறோம். ஞாயிறு பின்னேரம் தாயக் கட்டத்தைச் சுற்றி எல்லாரும் ஒன்று.

சபையில் எதிர்ப்பும் இருந்தது. மூப்பர் ஒருவர் என்னிடம், "டீச்சர், சிலுவையடியில் போர்வீரர் சீட்டுப் போட்டது ஞாபகமில்லையா? கட்டை உருட்டுவது விசுவாசிக்கு அழகா?" என்று கேட்டார். "யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்ததும் சீட்டுப் போட்டுத்தானே ஐயா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவருடைய பயத்தில் நியாயமில்லாமல் இல்லை. காசு வைத்து ஆடிக் குடும்பம் கெட்ட கதைகள் எங்கள் தோட்டங்களிலும் உண்டு. காசு வைப்பதில்லை, விளக்கு வைத்த பிறகு ஆடுவதில்லை என்ற இரண்டு கட்டுப்பாட்டை நாங்களே போட்டுக்கொண்டோம்.

நேயர்களே, மூன்று பலகைகளும் ஒன்றோடொன்று மோதிய சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்குச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெற்றிருக்கிறேன். பெயரும் தோட்டமும் சொல்லமாட்டேன்.

எங்கள் தளத்துக்கு நீலகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே 1968ல் தமிழ்நாட்டு அரசு, தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது பலருக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர் அப்படிப் போன குடும்பத்தின் பேத்தி. "எங்கள் அப்பாயி எழுபதுகளில் லிந்துலையிலிருந்து தலைமன்னார் வழியாகக் கப்பலேறி வந்தார். அவருடைய தங்கை வரவில்லை. அப்பாயி கண் மூடுமுன் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?" என்பது கடிதத்தின் சாரம்.

பதிவேட்டைப் பார்த்தேன். ஒரே பெயரில் நான்கு பேர். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுத்துக் கூட்டியிருந்தார். தளத்தில் தேடினேன். அங்கும் இல்லை. எங்கள் இளைஞர்கள் உற்சாகமாக ஒரு யோசனை சொன்னார்கள்: "டீச்சர், பதிவேடு முழுவதையும் படம் பிடித்துத் தளத்தில் போட்டுவிடுவோம். உலகத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள்." சபைக் குழுவிலும் பலருக்கு அது பிடித்திருந்தது. எங்கள் சபையின் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும் அல்லவா?

குழு முடிவெடுப்பதற்கு முந்திய ஞாயிறு, தாயம் ஆடும்போது இந்தப் பேச்சு வந்தது. எங்களில் மூத்தவரான ஒரு பாட்டி, காயை நகர்த்திக்கொண்டே கேட்டார்: "அவுங்க அக்காக்காரிய வீட்ல எப்புடிக் கூப்புடுவாங்களாம்?" கடிதத்தில் இருந்த செல்லப் பெயரைச் சொன்னேன். பாட்டி கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அடியே, அது நம்ம மேல்கணக்கு வீட்டுப் புள்ளைகதானே. தங்கச்சிக்காரி இருக்கா. நல்லாத்தான் இருக்கா." எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாத ஒரு செல்லப் பெயர் காரியத்தை முடித்துவிட்டது.

உடனே பதில் எழுதிவிட வேண்டும் என்று என் கை துடித்தது. பாட்டி தடுத்தார். "டீச்சரம்மா, மொதல்ல அவள ஒரு வார்த்த கேளு. தேடுறவங்களுக்குத் தேட ஆச இருக்கும். அகப்படுறவளுக்கு அகப்பட ஆச இருக்கணும்ல?"

அடுத்த போயா விடுமுறையில் அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, அக்காவோடு தான் ஏன் கப்பலேறவில்லை என்பதைச் சொன்னார். அதை வானொலியில் சொல்வதற்கில்லை. சபைப் பதிவேட்டைத் திறந்தால் அந்தக் காரணத்தின் ஒரு நுனி அங்கே வெற்றிடமாக விடப்பட்ட ஒரு கட்டத்தில் தெரியும் என்று மாத்திரம் சொல்லலாம். "புள்ளைக்கு என் நம்பரக் குடு. நான் பேசுறேன். ஆனா என் பேர அதுல போட்டுடாத" என்றார். 'அது' என்றது இணையத்தளத்தை.

இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

குழுக் கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: தாயத்தில் 'மலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே நிற்கும் காயை யாரும் வெட்டக்கூடாது. சில பெயர்கள் அங்கே நிற்க வேண்டியவை. நாங்கள் எடுத்த தீர்மானம் எளிமையானது. எந்தெந்த ஆண்டுப் பதிவேடு எங்களிடம் இருக்கிறது, எந்தெந்தத் தோட்டங்கள் அதில் அடங்கும் என்ற பட்டியல் தளத்தில் இருக்கும். உள்ளே இருப்பதை உரியவரோ உரியவரின் பிள்ளைகளோ கேட்டால் தேடிக் கொடுப்போம். உயிரோடு இருப்பவரை அவரிடம் கேட்காமல் காட்டிக் கொடுக்கமாட்டோம். இளைஞர்களில் ஓரிருவருக்கு இன்னும் இதில் முழுத் திருப்தி இல்லை. "எல்லாத்தையும் பூட்டி வச்சுத்தானே டீச்சர் நம்ம வரலாறு அழிஞ்சுது" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த விவாதம் எங்களுக்குள் முடியவில்லை, முடியவும் வேண்டியதில்லை.

ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். நேரம் எங்கேயிருந்து வருகிறது?

நாளை மூன்று சம பங்காக்கி யாரும் வாழ்வதில்லை. நான் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஆள் நேரில் வந்தால் ஆளுக்கே முதல் இடம். அடுத்தது குறித்த நேரத்தில் கூடும் கூட்டம், ஏனென்றால் அங்கே மற்றவர்கள் காத்திருப்பார்கள். கணனிக்குக் கடைசி இடம். அது காத்திருக்கும், கோபிக்காது. செவ்வாயும் வியாழனும் இரவு ஒன்பதுக்குப் பிறகு அதன் முறை. பதினொன்றுக்கு மேல் எவ்வளவு அவசரமானாலும் மூடிவிடுவேன். ஆட்டத்துக்கு ஞாயிறு பின்னேரமும் போயா தினமும். இந்த ஒழுங்கு எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. நான் ஓய்வூதியம் பெறுகிறவள், கொழுந்து பறிக்கும் என் மாணவிக்கு இது ஆடம்பரம். பெண்களுக்கு நான்காவது ஒரு பலகையும் உண்டு. அது அரிவாள்மனைப் பலகை. அதில் யாராவது ஒருவர் கை கொடுக்காவிட்டால் மற்ற மூன்றைப் பற்றியும் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு இரவுச் சமையல் என் கணவருடையது. தளத்தின் தொழில்நுட்ப உதவியாளர் யார் என்று கேட்பவர்களுக்கு நான் அவருடைய பெயரைத்தான் சொல்வது வழக்கம்.

நமது இலக்கியக்காரர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியர், தொழிற்சங்கவாதி, 1947ல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். அந்த அலைச்சல்களுக்கு நடுவே தோட்டத்து மக்களின் பாடல்களைக் காதால் கேட்டுச் சேர்த்தார். அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983ல் நூலாயிற்று. தெளிவத்தை ஜோசப் பகலில் கணக்கு எழுதினார், மற்ற நேரத்தில் 'காலங்கள் சாவதில்லை' எழுதினார். பாட்டைப் பாடியவர்கள் பாடுவதற்கென்று நேரம் ஒதுக்கிப் பாடவில்லை. கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் பாடினார்கள். கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்ததால் அது நமக்குக் கிடைத்தது.

ஆகவே உங்கள் வீட்டு இஸ்தோப்பிலோ விறாந்தையிலோ முதியவர்கள் கட்டம் கீறி உட்கார்ந்தால், நேரம் போகாமல் ஆடுகிறார்கள் என்று கடந்து போய்விடாதீர்கள். நான்காவது ஆளாகப் போய் உட்காருங்கள். குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் போகவேண்டாம். அதைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். தாயம் விழும்வரை பொறுமையாக இருங்கள். கேட்டதில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதை வீடு திரும்பும் வழியில் யோசித்துக்கொள்ளலாம்.